'அப்பா... நீங்க பெரிய ஆள்தானே?'

மேலதிகாரி ஜோக் அடிக்கிறார். சத்தியமாகச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சிரித்து வைக்கிறோம். இன்க்ரிமென்ட் இருக்கிறதே சார்! அந்த அசட்டுச் சிரிப்பை நம் பிள்ளைகள் பார்த்துத் தொலைத்தால்?

ஜப்பானிய டைரக்டர் யசுஜிரோ ஓஸு 1932-லேயே இதை ஒரு படமாக எடுத்துவிட்டார். 'பிறந்துதான் பார்த்தேன், ஆனால்...' என்பது போலப் பெயர். ஊமைப்படம். ஓஸு என்றாலே எல்லோரும் 'டோக்கியோ ஸ்டோரி'யைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். என் ஓட்டு இதற்கு!

யோஷி ஒரு சாதா குமாஸ்தா. டோக்கியோ புறநகரில், மேலதிகாரி வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறுகிறார். (ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?) இரண்டு பையன்கள். புது ஏரியாவில் ஒரு தடியன் மிரட்ட, ஸ்கூலுக்கு மட்டம். பலம் வருமென்று குருவி முட்டையை உறிஞ்சுகிறார்கள். கடைசியில் மதுக்கடை டெலிவரிப் பையனைப் பிடித்துத் தடியனை உதைக்க வைக்கிறார்கள். 'அப்படியே மேலதிகாரி மகனுக்கும் ரெண்டு போடேன்' என்றால் அவன் மறுக்கிறான். அவங்க வீட்டில்தான் வியாபாரம் ஜாஸ்தியாம்! மொத்தக் கதையும் இந்த ஒரு தமாஷில் அடக்கம்.

அப்புறம் இவர்கள்தான் கோஷ்டித் தலைவர்கள். விரலைக் காட்டினால் மேலதிகாரி மகனே தரையில் செத்த மாதிரிப் படுக்க வேண்டும். எங்கப்பாதான் ஒசத்தி என்று பீற்றல் வேறு.

வந்தது வினை. மேலதிகாரி வீட்டில் சினிமா காட்டுகிறார்கள், அவரே பிடித்த படம். திரையில் அப்பா மூஞ்சியை அஷ்டகோணலாக்கி, பாஸைக் குஷிப்படுத்தக் கோமாளித்தனம் பண்ணுகிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, பையன்கள் இருவர் முகம் மட்டும் தொங்கிப் போகிறது. நானும் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் ரகளை. ஏன் அவருக்குக் கும்பிடு போடறீங்க? சம்பளம் தர்றாரேடா. அப்ப வாங்காதீங்க! இதற்கு எந்த அப்பாவிடம் பதில் இருக்கிறது? உண்ணாவிரதம் வேறு. இரவு, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தபடி, இவர்களுக்கும் இதே பிழைப்புதானா என்று மனைவியிடம் கேட்கிறார் யோஷி. தத்சுவோ சைட்டோவின் நடிப்பு... அடேயப்பா!

காலையில் சோற்று உருண்டை உண்ணாவிரதத்தை முடித்து வைக்கிறது. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சாப்பிடுகிறார். வழியில் மேலதிகாரியின் கார். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அப்பா தயங்க, 'போய் வணக்கம் சொல்லுங்கப்பா' என்று அனுப்பி வைப்பதே அவர்கள்தான்.

இதை எடுத்தபோது ஓஸுவுக்கு வயது 28. கல்யாணம் ஆகவில்லை. கடைசிவரை பண்ணிக்கொள்ளவும் இல்லை. மனுஷனுக்கு எப்படித்தான் தெரிந்ததோ!