கேட்பதும் கற்பதும்

அறிவைப் பரப்புதற்குப் புதியதொரு கருவி தோன்றும்போதெல்லாம், இனிக் கல்வி எளிதாகிவிடும் என்ற நம்பிக்கையும் உடன் தோன்றுவது வழக்கம். அமெரிக்கரான தோமஸ் எடிசன் 1913 ஆம் ஆண்டிலே, பாடசாலைகளிற் புத்தகம் விரைவில் வழக்கொழிந்துபோகும் என்றும், திரைப்படமே அதன் இடத்தைப் பெறும் என்றும் கூறினார். அவ்வாறு நிகழவில்லை. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினியும் கைத்தொலைபேசியும் வந்தன. ஒவ்வொன்றையும் வரவேற்றபோது எழுந்த நம்பிக்கை ஒன்றே. ஒவ்வொன்றும் பழகிப்போன பின்னர் எழுந்த மனக்குறையும் ஒன்றே.

இம்மனக்குறைக்குக் காரணம் யாது? கருவி குறையுடையதா? சொல்லப்பட்ட பொருள் குறையுடையதா? அன்றிக் கேட்போரே குறையுடையவரா? இவ்வினாக்களை ஆராய்ந்தவர்கள் கண்ட விடை சற்று வேறானது. கேட்ட செய்தியைக் கொண்டு கேட்டவர் பின்னர் என்ன செய்கின்றார் என்பதிலேயே பயனிற் பெரும்பகுதி தங்கியுள்ளது என்பதே அவ்விடை.

முதலில் மூன்றினை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒன்றை அறிதல் வேறு; அதனை விரும்பும் மனப்பாங்கு வேறு; அதன்படி நடத்தல் வேறு. கொதித்தாறிய நீரையே பருகவேண்டும் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் பெற்ற மாணவன், வீடு திரும்பியதும் கிணற்றடியிலே வாளியைச் சரித்து வாய்வைத்துக் குடிக்கின்றான். அவனுக்கு அறிவு இல்லையென்று சொல்லல் இயலாது. அறிவு நடத்தையாக மாறவில்லை என்பதே உண்மை. நல்ல பாடமும் நல்ல ஒலிபரப்பும் தடைப்பட்டு நிற்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இத்தடையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் குர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர். ஜெர்மனியை விட்டு அமெரிக்காவிற் குடியேறிய அவர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அயோவா பல்கலைக்கழகத்திலே பணியாற்றினார். யுத்தத்தினால் இறைச்சி அரிதாகிய காலம் அது. ஆட்டினதும் மாட்டினதும் இதயம், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகள் சத்து மிக்கவை, விலையும் குறைந்தவை. எனினும் அமெரிக்க இல்லத்தரசிகள் அவற்றை அருவருத்து ஒதுக்கினர். அவர்தம் மனத்தை மாற்றுவது எவ்வாறு?

லெவின் பெண்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு விரிவுரை நிகழ்த்தப்பட்டது. அவ்வுணவின் சத்தும், அதனால் நாட்டுக்கு விளையும் நன்மையும் அழகாக எடுத்துரைக்கப்பட்டன. சமைக்கும் முறையை அச்சிட்ட தாள்களும் வழங்கப்பட்டன. ஏனைய குழுக்களில் நீண்ட விரிவுரை இல்லை. தம்மைப் போன்ற இல்லத்தரசிகள் இதனை ஏன் விரும்புவதில்லை, கணவர் என்ன சொல்வார், சமைக்கும்போது எழும் மணத்துக்கு என்ன செய்வது என்று அவர்களே பேசினர். ஐயம் எழுந்த பின்னரே, அதற்கு விடையாக, வேண்டிய செய்தி அளிக்கப்பட்டது. இறுதியில், வருகின்ற வாரத்தில் இதனைச் சமைத்துப் பார்க்க விரும்புவோர் யாவர் என்று கேட்க, அவர்கள் கையுயர்த்தினர்.

பின்னர் விசாரித்தபோது, முன் சமைத்திராத அவ்வுணவை ஆக்கிப் பரிமாறியோர் விரிவுரை கேட்டவர்களுள் நூற்றுக்கு 3 பேர். கலந்து பேசி முடிவுசெய்தவர்களுள் நூற்றுக்கு 32 பேர். செலவிட்ட நேரம் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

இந்த எண்களை அளவுக்கு மீறிப் போற்றுதலும் தகாது. குழுக்கள் சிறியவை. அன்றியும், பின்னர் வந்து விசாரிப்போம் என்று கலந்துபேசிய குழுவினருக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆதலின் எக்காரணம் எவ்வளவு பயன் விளைத்தது என்பதை எடித் பென்னெற் என்னும் ஆராய்ச்சியாளர் மீண்டும் ஆராய்ந்து, 1955 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். வெறும் பேச்சினால் மட்டும் பெரும்பயன் விளையவில்லை என்று அவர் கண்டார். முடிவொன்றைச் செய்தலும், தம்மோடிருப்போருட் பலரும் அம்முடிவுக்கு உடன்படுகின்றனர் என்று உணர்தலுமே மக்களைச் செயலுக்கு உந்தின. கூடிப் பேசிக் கலைந்துபோகும் வகுப்புக்கும், கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும் வகுப்புக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

நிற்க, இவ்வுண்மையை வானொலியோடு இணைத்த முயற்சிகளும் உண்டு. கனடா நாட்டிலே 1941 ஆம் ஆண்டு தொடங்கி 1965 வரை, கமக்காரருக்கென வானொலி அரங்கு ஒன்று நடைபெற்றது. குளிர்காலத்துத் திங்கட்கிழமை இரவுகளில் அயல்வீட்டார் ஓரிடத்திற் கூடுவர். அன்றைய பொருள்பற்றிய சிறு பிரசுரம் முன்னரே அவர்கள் கைக்கு வந்திருக்கும். ஒலிபரப்பைக் கேட்டதும் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டு உரையாடுவர்; தம் கருத்தை எழுதி மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவர். வாசி, கேள், கலந்துரையாடு, செயலாற்று என்பதே அவ்வரங்கின் கொள்கை. கேட்போர் வாய்திறந்து விடைகூறவும், அவ்விடை ஒலிபரப்பாளரை அடையவும் இங்கே வழி அமைந்தது.

கனடாவிற் கண்ட முறை இந்தியாவில் 1956 ஆம் ஆண்டு பரிசோதிக்கப்பட்டது. கல்வித் துறையினர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது இப்பரிசோதனை. யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியோடு, பூனா வானொலி நிலையம் மராத்தி மொழியிலே கிராமத்தவர்க்கென 20 நிகழ்ச்சிகளை வாரத்துக்கு இரண்டாக, பத்து வாரம் ஒலிபரப்பியது. ஐந்து மாவட்டங்களில் ஏறக்குறைய 150 கிராமங்களிலே கேட்போர் குழுக்கள் அமைந்தன. குழு ஒன்றுக்கு 15 முதல் 20 பேர். அவர்களுள் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் கலந்து பேசினர்; தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர்; அவற்றுக்குரிய விடைகள் பின்னர் ஒலிபரப்பாயின.

இதன் பயனை அளந்தறியும் பொறுப்பைப் பம்பாயிலுள்ள தாதா சமூக விஞ்ஞான நிறுவனம் ஏற்றது. ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் போல் நியூராத் மூவகைக் கிராமங்களை ஒப்பிட்டார். முதல்வகைக் கிராமத்திலே வானொலியும் இருந்தது, குழுவும் இருந்தது. இரண்டாம் வகையில் வானொலி இருந்தது, குழு இல்லை. மூன்றாம் வகையில் இரண்டும் இல்லை. ஒலிபரப்புத் தொடங்குமுன்னரும் முடிந்தபின்னரும் ஒரே வினாக்கள் கிராமத்தவரிடம் கேட்கப்பட்டன.

குழு அமைந்த ஊர்களிலே அறிவு வியக்கத்தக்க அளவு வளர்ந்திருந்தது. குழுவில்லாத ஊர்களிலோ வளர்ச்சி மிகச் சொற்பம்; வானொலி இருந்தும் அதனால் விளைந்த பயன் சிறிதே. ஒரே அலைவரிசை, ஒரே குரல், ஒரே செய்தி. ஓரூரில் அது விதையாய் முளைத்தது. மற்றையூரிற் காற்றோடு போயிற்று. குழு அமைந்த ஊர்களில் இன்னொரு மாற்றமும் காணப்பட்டது. பொதுக் காரியங்களைக் கூடியிருந்து ஆராய்ந்து முடிவுசெய்யும் சபையாக அக்குழு வளரத் தொடங்கியது. இப்பயனைக் கண்ட இந்திய வானொலி 1959 ஆம் ஆண்டு தொடக்கம் இம்முறையைப் பிற மாநிலங்களுக்கும் விரித்தது.

கலந்துரையாடல் இத்துணை வலிமை பெறுவது ஏன்? தமிழறிஞருக்கு இவ்வினா புதிதன்று. 13 ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் நன்னூலிலே, மாணாக்கன் பாடங்கேட்கும் வரலாற்றைப் பவணந்தி முனிவர் வகுத்துரைக்கின்றார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் நன்கு மனங்கொண்டாலும் அவன் பெறுவது புலமையிற் காற்பங்கே என்பது அவர் கணக்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கும் பிறருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். இக்கணக்கை அளவுகோல் கொண்டு அளந்த கணக்காகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் செவிவழி வந்த பொருள், வாய்வழி மீண்டும் வெளிப்படும்போதே தன்னுடைமையாகின்றது என்பதை அந்நூல் ஐயமின்றி உணர்ந்திருக்கின்றது. பேசத் தொடங்குபவன் தான் அறியாத இடத்தைத் தானே காண்கின்றான். அயலவன் உடன்படுவதைக் காணும்போது தனிமையச்சம் நீங்குகின்றது. பலர் முன்னிலையிற் சொன்ன சொல்லைக் காக்கவேண்டும் என்ற நாணமும் பிறக்கின்றது.

இதனாற் கருவிக்கு வலிமையே இல்லையென்று முடிவுகட்டுதல் தவறு. கருவிகள் கலந்துரையாடல் இன்றியும் கற்பிக்கின்றன. சில வேளைகளில் விரும்பத்தகாதவற்றையும் கற்பிக்கின்றன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து அல்பேட் பண்டூரா 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வளர்ந்தவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சிறுபிள்ளைகள் பார்த்தனர். பின்னர் தாமும் அவ்வாறே செய்தனர். 1963 ஆம் ஆண்டின் ஆராய்ச்சியிலே, அதனைத் திரைப்படத்திற் கண்ட பிள்ளைகளும் அங்ஙனமே நடந்தனர். 1965 இல் அவர் கண்டது இன்னும் நுட்பமானது. அடித்தவர் தண்டிக்கப்படுவதைத் திரையிற் பார்த்த பிள்ளைகள் அச்செயலைக் குறைவாகவே செய்தனர். ஆயினும் செய்துகாட்டினால் பரிசு தருவதாகச் சொன்னபோது, ஏனைய பிள்ளைகளுக்கு நிகராக அவர்களும் செய்துகாட்டினர். அவர்கள் கற்றிருந்தனர், செய்யாதிருந்தனர். கற்றல் வேறு, நடத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிள்ளை திரையிற் கண்டதைப்பற்றி வீட்டார் ஒரு சொல்லும் பேசாதிருப்பின், எதனைச் செய்வது, எதனை விடுவது என்பதையும் திரையே தீர்மானித்துவிடும்.

கருவியா முறையா பெரிது என்ற வாதம் அறிஞரிடையே நெடுநாள் நடந்தது. உணவுப் பொருளை ஏற்றிவரும் வண்டி அவ்வுணவின் சத்தை மாற்றாதது போல, கருவியும் கல்வியின் பயனை மாற்றாது என்று 1983 ஆம் ஆண்டிலே றிச்சர்ட் கிளார்க் எழுதினார். ஒவ்வொரு கருவிக்கும் தனியாற்றல் உண்டு. அதனைப் பயன்படுத்தும் முறையும் கருவியும் பிரிக்கவொண்ணாதவை என்று றொபர்ட் கொஸ்மா 1991 இல் மறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. 1970 களின் நடுப்பகுதியில் நிக்கராகுவா நாட்டிலே வானொலிவழிக் கணிதம் கற்பிக்கப்பட்டது. அறிவிப்பாளர் வினாவை விடுத்துச் சிறிது நேரம் மௌனமாயிருப்பார். வகுப்பறைப் பிள்ளைகள் உரத்து விடைசொல்வர். பின்னர் சரியான விடை ஒலிக்கும். அப்பிள்ளைகள் வழக்கமான முறையிற் கற்றவர்களிலும் மேலான தேர்ச்சி பெற்றனர். பேசுவதற்கே அமைந்த கருவியைப் பேசாமல் காத்திருக்கச் செய்தமையே அங்கே கையாளப்பட்ட முறை.

இலங்கையிலும் இதற்குச் சான்று உண்டு. கொத்மலைச் சமூக வானொலி, 1999 ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தை வானொலியுடன் இணைத்தது. நேயர் எழுப்பிய வினாக்களுக்கு இணையத்திலே விடை தேடி, அவர்கள் அறிந்த மொழியில் அறிவிப்பாளர் விளக்கினர். கணினியைக் கண்டிராத கிராமத்தவரும் கேள்வி கேட்போராயினர். இதற்கு மாறாக, 2020 ஆம் ஆண்டு கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிகழ்ந்ததையும் எண்ணிப்பார்த்தல் தகும். பாடங்கள் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வந்தன. அலை கிடைக்குமிடம் தேடிக் குன்றேறிய பிள்ளைகளும் இருந்தனர். பாடம் வந்து சேர்ந்த வீடுகளிலும், ஐயம் கேட்க ஆளில்லாத பிள்ளை பாடத்தைப் பார்த்ததேயன்றிப் படித்ததென்று சொல்லல் அரிது. பெரிய தமக்கையோ தந்தையோ அருகிருந்து, இப்பொழுது என்ன சொன்னார்கள் என்று கேட்ட வீட்டிலே நிலைமை வேறாயிருந்தது.

ஆகவே, ஆசிரியரும் பெற்றோரும் மேற்கொள்ளத்தக்கவை சிலவே, அவை செலவற்றவை. ஒலிபரப்பையோ காட்சியையோ தொடங்குமுன், எதற்கு விடை தேடப்போகின்றோம் என்று ஒரு வினாவை முன்வைத்தல் வேண்டும். முடிந்ததும் கருவியை நிறுத்திவிட்டு, கேட்டதைப் பிள்ளை தன் சொல்லிற் கூறச்செய்தல் வேண்டும். மாறுபட்ட கருத்தைச் சொல்ல இடமளித்தல் வேண்டும். நாளை முதல் என்ன செய்வது என்று பலரறிய ஒரு சிறு முடிவுக்கு வருதல் வேண்டும். ஒரு வாரங்கழித்து, அது நிறைவேறியதா என்று மறவாது விசாரித்தல் வேண்டும். கிணற்றடியிலே வாளியைச் சரிக்கும் மாணவனுக்கு இன்னொரு சுகாதாரப் பாடம் பயன்படாது. வகுப்பிலுள்ள நாற்பது பேரும் ஆளுக்கொரு போத்தலிற் கொதித்தாறிய நீர் கொண்டுவருவதென்று தாமே தீர்மானித்துக்கொண்டால், அவனும் மறுநாட் காலையிற் போத்தலோடு வருவான்.

கருவிகள் இனியும் மாறும். இன்று புதியவை நாளை பழையவாகும். கேட்டவற்றைக் கூடியிருந்து ஆராயும் பழக்கம் ஒரு வீட்டிலோ வகுப்பிலோ ஊரிலோ வேரூன்றிவிட்டால், எக்கருவி வந்தாலும் அதனாற் பயன்கொள்ளல் இயலும். அப்பழக்கம் இல்லாத இடத்திலே எக்கருவியும் சிறிது நேரம் ஓசை எழுப்பி அடங்கும்.