தறி ஓயாதிருக்க

கைத்தறி நெசவாளரை விசாரித்தால், வேலைப் பளுவைப் பற்றி முறையிடுவோர் சிலரே. வேலை தடைப்பட்ட நாட்களைச் சொல்லி வருந்துவோர்தாம் பலர். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு தறியேறுவதற்குள் 5 நாட்கள் கழிவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டிற்கு 12 பாவு நெய்பவருக்கு 60 நாட்கள், அதாவது இரண்டு மாதக் கூலி, இப்படியே போய்விடுகிறது. அதை ஈடுகட்டவே பண்டிகை நெருக்கத்தில் இரவெல்லாம் விளக்கு வைத்து நெய்ய நேரிடுகிறது. கண்ணெரிச்சலும் வீட்டில் சச்சரவும் வேறு.

இந்நாட்களில் பெரும்பகுதியை நாமே குறைத்துக்கொள்ள முடியும். தறியில் பாதிப் பாவு இருக்கும்போதே அடுத்த பாவிற்குரிய நூலைச் சங்கத்தில் கேட்டுப் பதிந்துவிட வேண்டும். சாயமிடுதல், பாவு ஓட்டுதல், கஞ்சியிட்டுத் தோய்தல் ஆகிய யாவும் பிறர் கையையும் வெயிலையும் எதிர்பார்ப்பவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தெருவில் பாவு விரிப்பது எளிதன்று. ஆகையால் புரட்டாசிக்குள் ஒரு பாவையாவது தோய்ந்து, நன்கு உலர்த்தி, ஈரம் தாக்காத இடத்தில் சுற்றி வைத்துக்கொள்வது உத்தமம். சங்கத்தில் நூல் இருப்பு இல்லையென்றால் இவ்வளவும் வீண்தான். நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பருத்தி இழை ஈரத்தில் வலுப்பெறுவது. காற்றில் ஈரமுள்ள காலை வேளையில் இழை அறுவது குறைவு. கோடை நண்பகலிலோ அறுந்ததைப் பிணைப்பதிலேயே பொழுது போய், மனமும் கசந்துவிடும். எனவே காலையை நெசவிற்கே விட்டுவிட்டு, தார் சுற்றுதல், சங்கத்திற்குச் சென்று வருதல் முதலியவற்றை நண்பகலுக்கு ஒதுக்கலாம். நாளைக்கு வேண்டிய தார்களை இன்றே சுற்றிக் கூடையிலிட்டுத் தறிக்குழியருகே வைத்துக்கொண்டால், அடிக்கடி எழவேண்டியதில்லை. தார் சுற்றுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியே. அடுப்பு வேலைக்கு நடுவே அவரை விரட்டுவது நியாயமன்று.

கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூல் பெற்ற தேதி, நம்பர், எடை, ஒப்படைத்த உருப்படிகள், பெற்ற கூலி ஆகியவற்றை அன்றன்றே ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 40 சிட்டங்கள். சிட்டம் ஒன்றுக்கு 840 கஜம். நிறுத்து எண்ணினாலே குறைவு தெரிந்துவிடும். குறை இருப்பின் நூலைப் பிரிக்குமுன், அன்றே சங்கத்தில் தெரிவித்து, பாஸ் புத்தகத்திலும் குறிக்கச் செய்யுங்கள். நெய்து முடித்தபின் எழும் தகராறில், எழுத்தில் இல்லாததை விசாரணைக்கு வருபவர் ஏற்பது கடினம்.