அயோடின் எங்கே கலந்தது?

வேதிப்பொருள்கள் வினைபுரியும்போது வெளிப்படும் ஆற்றலையே ஒளியாக மாற்றுவது வேதி லேசர். இந்த வகையில் பேர்போனது 1977இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் முதன்முதலாக இயங்கிய ஆக்சிஜன்-அயோடின் லேசர். தில்லியில் டிஆர்டிஓவின் லேஸ்டெக் ஆய்வகமும் இதை உருவாக்கியது. காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடில் குளோரினைச் செலுத்தினால் கிளர்ந்த நிலை ஆக்சிஜன் கிடைக்கும். பாய்ந்து வரும் அந்த ஆக்சிஜனுக்குள் சின்னஞ்சிறு துளைகள் வழியே அயோடின் ஆவியைப் பீய்ச்சி, நாசில் வழியாக ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு விரிய விடுகிறார்கள். ஆக்சிஜன் முதலில் அயோடின் மூலக்கூறுகளை அணுக்களாக உடைக்கும்; பிறகு அந்த அணுக்களுக்கே ஆற்றலைக் கொடுக்கும். பிறப்பது 1.315 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி. வேதியியல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கலப்பு தவறினால் எல்லாம் வீண். அயோடின் எட்டாத இடத்தில் ஆக்சிஜன் தன் ஆற்றலைச் செலவழிக்காமலே வெளியேறிவிடும். அயோடின் குவிந்த இடத்தில் உடைபடாத மூலக்கூறுகளே கிளர்ந்த அணுக்களின் ஆற்றலைப் பறித்துவிடும்.

கலப்பை அறியக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு வாயுவை எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். ஒலியை மிஞ்சும் ஓட்டத்தில் குழாயின் முனைக்கு முன்னாலேயே அதிர்ச்சி அலை எழும்பிவிடும். பிறகு அளப்பதெல்லாம் குழாய் கெடுத்த ஓட்டத்தைத்தான். கணினிக் கணக்கும் கொந்தளிப்பைத் தோராயமாகவே பிடிக்கிறது, அதைச் சரிபார்க்கவும் ஓர் அளவீடு வேண்டும். தொடாமல் அளக்க ஒளியே வழி. 532 நானோமீட்டர் பச்சை லேசரை மெல்லிய தகடுபோல விரித்து ஓட்டத்தின் குறுக்கே பாய்ச்சினால் அயோடின் மூலக்கூறுகள் மஞ்சளாக ஒளிரும். பச்சையைத் தடுக்கும் வடிகட்டி மாட்டிய கேமரா பக்கவாட்டிலிருந்து அதைப் பதிவு செய்யும். லேசர் துடிப்பின் நீளம் சுமார் 10 நானோநொடி; நொடிக்கு 1000 மீட்டர் பாயும் வாயுகூட அதற்குள் 0.01 மில்லிமீட்டர்தான் நகரும். படம் அப்படியே உறைந்து நிற்கிறது.

ஆனால் பிரகாசம் கூடினால் அயோடின் கூடியது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மூலக்கூறுகள் மோதினால் ஒளிர்வு மங்கும். லேசர் இயங்கும்போது அயோடின் அணுக்களாக உடைந்தாலும் மங்கும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. கடலூரில் கடலில் சேரும் கெடிலம் ஆற்றின் கலங்கல் தண்ணீரைத் தொலைவிலிருந்து பார்த்தால் கலந்துவிட்டது போலிருக்கும்; கிட்டப்போனால் ஆற்றுநீரும் கடல்நீரும் இழை இழையாகப் பிரிந்தே ஓடுவது தெரியும். கேமராவின் ஒரு புள்ளிக்குள் அடங்கும் இழைகளும் இப்படித்தான் ஏமாற்றுகின்றன. இதற்கு அழகான தீர்வு உண்டு. ஆக்சிஜனோடு கலக்கவிடும் நைட்ரஜன் ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடைச் சிறிதளவு சேர்த்தால், புற ஊதா லேசர் பட்டதும் அது நன்றாக ஒளிரும்; ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால்தான் மங்கும். பக்கத்தில் ஓடினால் மட்டும் போதாது, மூலக்கூறோடு மூலக்கூறு கலந்தாக வேண்டும். குளோரினோ பெராக்சைடோ இல்லாத இந்தக் குளிர்ச் சோதனையில், நாசில் துளைகளின் அளவையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.