தீபாவளி போனஸ்ல இ-ஸ்கூட்டர் வாங்கலாமா? முதல்ல கிலோமீட்டரை எண்ணுங்க!



எல்லா ஆபீஸ்லயும் ஒரு டெக் பைத்தியம் இருப்பார். எந்த போன் நல்லது, எந்த வண்டியில புது அப்டேட் வந்திருக்குன்னு டீக்கடையிலேயே தீர்ப்பு சொல்லிடுவார். என் சித்தி மகனுக்கு அப்படி ஒரு நண்பர். தம்பி இருக்கிறது விருதுநகர், வேலை சிவகாசியில ஒரு பட்டாசு கம்பெனியின் கணக்குப் பிரிவுல. போனஸ் கைக்கு வந்ததும் போன் வந்துச்சு.

"அண்ணே, இ-ஸ்கூட்டர் எடுக்கப் போறேன். டச் ஸ்கிரீன், மேப் எல்லாம் இருக்கு. லோன்ல எடுத்தா வட்டியில ஒன்றரை லட்சம் வரைக்கும் வரி விலக்காம்ல?"

இதே கேள்வி உங்களுக்கும் இருக்கலாம். ஒவ்வொன்னா பார்ப்போம்.

1. வரி விலக்கு: அந்த பஸ் போயிடுச்சு

அவர் சொன்னது பிரிவு 80EEB. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டும்தான் அது. அதுவும் பழைய வரி முறையில இருந்தால்தான். இப்ப லோன் எடுத்துட்டு ஆபீஸ்ல டிக்ளரேஷன் கொடுத்தா, பின்னாடி வரியும் வட்டியும் உங்க தலையிலதான் விழும்.

2. விலை வித்தியாசம்

மின் வண்டிக்கு ஜிஎஸ்டி 5%. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆயிடுச்சு. அதனால போன வருஷம் நண்பர் போட்ட கணக்கு இன்னைக்குச் செல்லாது. ரெண்டு வண்டிக்கும் ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்க. மின் வண்டி 40,000 ரூபாய் கூடன்னு வச்சுக்குவோம்.

3. இனிமேதான் நிஜக் கணக்கு

தம்பி போக வர தினமும் 50 கி.மீ. மாசம் 26 நாள், 1,300 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் 101 ரூபாய்னு வச்சா மாசம் சுமார் 2,918 ரூபாய்.

மின் வண்டிக்கு 100 கி.மீ.க்கு மூன்றரை யூனிட்னு வச்சா, ரெண்டு மாசத்துக்கு 91 யூனிட். இங்கதான் பலரும் தப்பு பண்றாங்க. நம்ம ஊர் ஈபி பில்லுல 500 யூனிட்டைத் தாண்டினா, 101-200 யூனிட்டுக்கான சலுகை விலையும் போயிடும். தம்பி வீட்டுல 430 யூனிட் ஓடுது. அது 521 ஆனா, 2024 ஜூலை கட்டணப்படி 1,364 ரூபாய் பில் 2,216 ஆகும். மாசத்துக்கு 426 ரூபாய் கூடுது.

அப்படியும் மிச்சம் மாசம் சுமார் 2,490. 16 மாசத்துல 40,000 திரும்பிடும். தம்பிக்கு லாபம்தான்!

ஆனா யோசனை சொன்ன நண்பர் இருக்காரே, அவர் வீடு சிவகாசியிலேயே. தினமும் 8 கி.மீ.தான். அவருக்கு மிச்சம் மாசம் 420 ரூபாய்க்குப் பக்கம். 40,000 திரும்ப கிட்டத்தட்ட 8 வருஷம்! கையில ஓடுற வண்டி இருந்தா, அதைவிடவும் கூட.

4. வாங்கும் முன்னாடி மூணு கேள்வி

• சார்ஜ் எங்க போடுவீங்க? தம்பி இருக்கிறது மாடியில வாடகைக்கு. பட்டாசு ஆலைக்குள்ள சார்ஜ் பேச்சே எடுக்க முடியாது. வீட்டுக்காரர்கிட்ட கீழே பிளக் பாயின்ட் கேட்டு, யூனிட் விலையையும் பேசிட்டு அட்வான்ஸ் கொடுன்னு சொன்னேன்.

• பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கி.மீ.? உங்க லோன் முடியுறதுக்கு முன்னாடியே வாரண்டி முடிஞ்சா யோசிங்க.

• அந்த மேப், ஆப் வசதியெல்லாம் வண்டி விலையிலேயே சேர்ந்ததா, தனியா காசா?

தம்பி இன்னும் புக் பண்ணலை. வீட்டுக்காரர் பதிலுக்குக் காத்திருக்கார். அதுவரைக்கும் போனஸ் பேங்க்லயே இருக்கட்டும், கெட்டுப் போகாது.

நீங்களும் இன்னைக்கு ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுங்க. சரியா ஒரு மாசம் கழிச்சு இன்னொன்னு. அந்த வித்தியாசத்தை இந்தக் கணக்குல போட்டுப் பாருங்க. நண்பர் சொல்ற தீர்ப்பைவிட அது சரியா இருக்கும்.