தரவுத்தளச் சேவையகத்தைப் புதிய கணினிக்கு மாற்றுதல்

மாணவர்களே, க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலில் தரவுத்தளத்தை ஒரு பக்கமும் முறைமையை நிறுவுதலை இன்னொரு பக்கமுமாகப் படித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே வினாவில் சேர்ந்து வந்தால் பலர் தடுமாறுவர். அவை சந்திக்கும் இடத்தையே இங்கு பார்க்கப் போகிறோம். உதாரணமாக மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள முகாமைத்துவ முறைமையை எடுத்துக்கொள்வோம்.

பழைய கணினியில் உள்ள தரவுக் கோப்புறையைப் பிரதி செய்து புதியதில் ஒட்டினால் போதாதா? வகுப்பில் முதலில் எழும் கேள்வி இதுதான். போதாது. சேவையகம் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செய்நிரல். மாற்றப்பட்ட தரவுகளிற் சில வன்றட்டில் உரிய இடத்தில் எழுதப்படாமல் இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். அந்நேரத்தில் கோப்புகளைப் பிரதி செய்தால், ஒரு கோப்பு பழைய நிலையிலும் மற்றையது புதிய நிலையிலும் இருக்கும். அத்துடன் இரு கணினிகளிலும் மென்பொருளின் பதிப்பு வேறுபட்டால், கோப்பின் உள்ளமைப்பும் ஒத்துப்போகாமற் போகலாம்.

எனவே பெரும்பாலும் பின்பற்றப்படுவது, தரவுத்தளத்தை எஸ்.கியூ.எல். கூற்றுகளாக ஒரு பாடக் கோப்பில் வெளியேற்றுவதாகும். இதற்கு மைஎஸ்கியூஎல்டம்ப் என்னும் கருவி உண்டு. அட்டவணைகளை உருவாக்கும் கூற்றுகளும், பதிவுகளை உட்செலுத்தும் கூற்றுகளும் அக்கோப்பில் வரிசையாக இருக்கும். புதிய சேவையகம் அவற்றை ஒவ்வொன்றாக இயக்கித் தரவுத்தளத்தை மீள உருவாக்கும். அட்டவணைகளை நீங்களே தனித்தனியாக ஏற்றுவதாயின் வரிசை முக்கியம். கட்டணம் என்னும் அட்டவணையில் மாணவர் இலக்கம் அந்நியச் சாவியாக இருந்தால், மாணவர் அட்டவணையே முதலில் ஏற்றப்படவேண்டும். ஏன் என்பதை நீங்களே சொல்வீர்கள்.

இனித் தமிழ் எழுத்துகள். நமது நாட்டில் இவ்விடயத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மைஎஸ்கியூஎலின் பழைய பதிப்புகளில் இயல்புநிலை எழுத்துக் கணம் லத்தீன்-1 ஆகும். 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பிலேயே அது யூ.டி.எஃப்.8 எம்.பி.4 ஆக மாற்றப்பட்டது. யூனிக்கோட்டுத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்.8 முறையில் 3 பைற்றுகளை எடுக்கும். எழுத்துக் கணத்தைத் தவறாகக் குறிப்பிட்டு ஏற்றினால் பெயர்களின் இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதை மீண்டும் பெயராக்க முடியாது. மூலப் பிரதியிலிருந்துதான் திரும்பவும் தொடங்க வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தரவுகளின் கதை வேறு. அங்கே உண்மையிற் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிடின் பெயர்கள் அர்த்தமற்ற ஆங்கிலமாகத் தெரியும். தரவு பழுதாகிவிட்டதென்று பயந்து அழித்துவிடாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க: பாமினியில் ஆங்கிலச் சிறிய எஃப் "க", பெரிய எஃப் "கு". சிறிய, பெரிய எழுத்து வேறுபாட்டைப் பாராத ஒப்பீட்டு முறை அமைக்கப்பட்டிருந்தால், "கலம்" என்று தேடுபவருக்குக் "குலம்" என்பதும் கிடைக்கும்.

பயனர் கணக்குகளும் அவற்றின் அனுமதிகளும் வேறொரு முறைமைத் தரவுத்தளத்தில் உள்ளன. உங்கள் தரவுத்தளத்தை மட்டும் வெளியேற்றினால் அவை கூட வராது.

அடுத்தது ஐ.பி. முகவரி. நான் படிப்பித்த ஒரு கல்வி நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய சேவையகம் பொருத்தப்பட்டு எல்லாம் சரியென்று அனைவரும் வீட்டுக்குப் போய்விட்டோம். பழைய சேவையகத்தை யாரும் நிறுத்தவில்லை. வாசலருகே இருந்த கணினி பழைய முகவரியையே வைத்திருந்தது. மூன்று நாட்கள் அங்கு கட்டிய பணமெல்லாம் பழைய சேவையகத்திற் பதிவாகியது. நான்காம் நாள் புதிய பட்டியலைப் பார்த்து, காசு கட்டிய பிள்ளை ஒருத்தியை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டோம். பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறது என்று அவள் சொன்னதை நானும் நம்பவில்லை. மறுநாள் அவள் தகப்பன் பற்றுச்சீட்டுடன் வந்தார். ஒன்றும் பேசாமல் அதை மேசையில் வைத்தார்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் பயனர்கள் புதிதாக எழுதுவதை நிறுத்துக. அதன் பின்னரே காப்புப் பிரதியை எடுக்க. ஏற்றியபின் இருபக்கத்திலும் ஒவ்வோர் அட்டவணையின் பதிவுகளை எண்ணுக. கட்டண நிரலின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுக. எண்ணிக்கை சரியாக இருந்தும் தொகை பிழைக்கலாம். பிறகு எல்லாக் கணினிகளிலும் முகவரியை மாற்றி, பழைய சேவையகத்தின் வலையமைப்பு வடத்தைக் கழற்றிவிடுக. ஆனால் அதிலுள்ள தரவை உடனே அழிக்க வேண்டாம்.

நிறுவல் முறைகளில் இது எவ்வகை? பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குவதால் நேரடி நிறுவல். சமாந்தர நிறுவல் பாதுகாப்பானது என்று பாடமாக்கியிருப்பீர்கள்; அது ஒவ்வொரு தரவும் இரு முறைமைகளிலும் பதியப்படும்போது மட்டுமே உண்மை. எங்கள் நிலையத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கின, ஆனால் ஒன்றில் இருந்தது மற்றையதில் இல்லை. அதைச் சமாந்தர நிறுவல் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.

பயிற்சி வினா: ஒரு பாடசாலை நூலகத்தின் தரவுத்தளச் சேவையகம் சனிக்கிழமை புதிய கணினிக்கு மாற்றப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குக் காப்புப் பிரதி எடுக்கப்பட்டது. நூலகம் அன்று பிற்பகல் 2 மணிவரை இயங்கியது. திங்கட்கிழமை எத்தகைய பிழைகள் தென்படலாம்? அவற்றைத் திருத்துவதற்குப் பழைய கணினியில் என்ன இருக்க வேண்டும்?