டெலிவரி தேதி தாண்டிவிட்டதா? எத்தனை நாள் காத்திருக்கலாம்?

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி வந்து, போயும் விட்டது. வலி மட்டும் வரவில்லை. "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று தினமும் பத்து பேர் கேட்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

அந்தத் தேதி எப்படி வருகிறது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள். 28 நாள் சுழற்சியை வைத்துப் போடும் தோராயக் கணக்கு இது. பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு இது சரியாக இருக்காது. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் காட்டும் தேதிதான் அதிக நம்பகமானது. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். அதனால், இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவது சகஜம்.

எதுவரை காத்திருக்கலாம்?

வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 41 வாரம் நிறைந்ததும் மருந்து கொடுத்து வலி வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டர் அதற்கு முன்பே முடிவு செய்யலாம்.

ஏன் 41? நாள் கூடக்கூட நஞ்சுக்கொடியின் செயல்திறனும் பனிக்குட நீரும் குறையலாம். ஸ்வீடனில் சுமார் 2,760 பெண்களிடம் நடந்த ஆய்வில், 42 வாரம் வரை காத்திருந்த பிரிவில் 6 குழந்தைகள் இறந்தன. 41 வாரத்தில் வலி வரவழைத்த பிரிவில் ஒன்றுகூட இறக்கவில்லை. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டு, 2019-இல் முடிவுகள் வெளியாயின. ஆபத்து மிகக் குறைவுதான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

நடக்கலாம், தூங்கலாம், பிடித்ததைச் சாப்பிடலாம். பாட்டி சொன்னாலும் விளக்கெண்ணெய் வேண்டாம். பேதியாகி உடம்பில் நீர்ச்சத்து குறைந்துவிடும். டாக்டர் சொல்லும் நாட்களில் குழந்தையின் இதயத்துடிப்பையும் பனிக்குட நீரின் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், பனிக்குடம் உடைந்தால், ரத்தப்போக்கு இருந்தால், கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "காலையில பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். கடைசி வாரங்களில் இடம் இல்லாததால் குழந்தை அசையாது என்பது தவறான நம்பிக்கை. பிரசவம் வரை அசைவு இருக்க வேண்டும்.

ஆபீஸ் லீவு?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைத்தான் டெலிவரி தேதிக்கு முன்பு எடுக்கலாம். லீவில் இருந்தபடி காத்திருக்கும் நாட்களும் இந்த 26 வாரத்திலேயே கழியும். அதனால் லீவைத் திட்டமிடும்போதே ஒன்றிரண்டு வாரம் கூடுதலாகக் கணக்கில் வையுங்கள். சொந்தக்காரர்களிடமும் ஒரே தேதியைச் சொல்லாமல் "மாசக் கடைசிக்குள்ள" என்று சொல்லிவையுங்கள். போன்கள் கொஞ்சமாவது குறையும்.