வளாகத்துக் குப்பை யாருடைய காணியில்?

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் போனால் பம்பைமடு வரும். வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிவந்து, 2021 ஓகஸ்ட் மாதத்தில் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனம் அது. சுற்றாடல் விஞ்ஞானத்தை ஒரு பட்டப்படிப்பாகவே அங்கு கற்பிக்கிறார்கள். அதே வீதியில் சாளம்பைக்குளம் என்ற கிராமமும் உண்டு. 1990இல் வெளியேற நேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள், போர் முடிந்தபின் திரும்பிவந்து பற்றைக் காடு வெட்டிக் குடியேறிய ஊர். வவுனியா நகரின் குப்பை பல ஆண்டுகளாக இந்தப் பகுதியிலேயே கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் இலையானும் தாங்கமுடியாமல் 2019இல் அவ்வூர் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள்.

படிப்பும் குப்பைமேடும் திரும்பிவந்த குடும்பங்களும் ஒரே வீதியில் சந்தித்தது தற்செயல் என்று எமக்குத் தோன்றவில்லை. குப்பை கொட்ட இடம் தேடுபவர்கள், கேள்வி கேட்க ஆள் குறைந்த நிலத்தையே தேடுவார்கள். ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த காணிகளும், காணியற்றோருக்கென ஒதுக்கப்படும் ஊர் ஓரங்களும் அப்படிப்பட்டவை. யாழ்ப்பாண மாநகரின் குப்பை போய்ச் சேரும் கல்லுண்டாய் வெளியிலும் காணியற்ற குடும்பங்கள் குடியேற்றப்பட்டுள்ளன. மேடு தீப்பற்றும்போது புகை முதலில் போவது அந்த வீடுகளுக்குத்தான்.

கிழக்கிலும் நிலைமை வேறல்ல. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஒலுவிலுக்கு அண்மையில், பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் சாகின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, குப்பைமலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். அவர்களும் ஏழைகளே.

இதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வளாகம் என்பது சிறு நகரம். விடுதி, சிற்றுண்டிச்சாலை, ஆய்வுகூடம், அலுவலகம் எல்லாம் அங்கே உண்டு. ஒரு மாணவர் நாளொன்றுக்கு 200 கிராம் சோறும் கறியும் தோலும் மிச்சம் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மாணவருக்கு அது 200 கிலோ. ஒழுங்காக மக்கவைத்தால் அதிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய 50 கிலோ பசளை கிடைக்கும். மக்கவைக்காவிட்டால் அந்த 200 கிலோவும் பிரதேச சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, யாரோ ஒருவருடைய ஊரின் எல்லையில் போய் இறங்கும்.

இந்த நாட்டில் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. அதைத் தனியே எடுத்துவிட்டால் மேடு பாதியாகும். நாற்றமும் வடியும் கரிய நீரும் பெரும்பாலும் அந்தப் பாதியிலிருந்தே வருவதால், எஞ்சியிருப்பதைக் கையாள்வதும் இலகு. ஆகவே எல்லாம் தரம் பிரிப்பதிலேயே தங்கியிருக்கிறது. பச்சைத் தொட்டி மக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு என்று நிறங்களும் வகுக்கப்பட்டுள்ளன.

தொட்டிகள் இல்லை என்று சொல்வதற்கில்லை. நாம் போய்ப் பார்த்த ஒரு வளாகத்தில் மரநிழலில் தொட்டிகள் அழகாக வரிசையாக நின்றன. மேலே மும்மொழியிலும் அறிவித்தல் இருந்தது. காலையில் ஓர் உழவு இயந்திரம் வந்தது. பச்சையையும் நீலத்தையும் செம்மஞ்சளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பெட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற மாணவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அடுத்த நாள் அவர்கள் எந்தத் தொட்டியில் எதைப் போடுவார்கள்? விரிவுரையில் மூன்று மாதம் படித்த சுற்றாடல் கல்வியை அந்தப் பெட்டி ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும். கூட்டித் துப்புரவாக்கும் தொழிலாளிக்கும் இதே பயிற்சி வேண்டும், கையுறையும் வேண்டும். கருத்தரங்குக்கு அழைக்கப்படுபவர்களில் அவர் ஒருபோதும் இல்லை.

உலகப் பல்கலைக்கழகங்களின் பசுமையை அளந்து வரிசைப்படுத்தும் வழக்கம் ஒன்று 2010இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தால் தொடங்கப்பட்டது. அதில் கழிவு முகாமைத்துவத்துக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் புள்ளி உண்டு. நல்ல முயற்சிதான். ஆனால் புள்ளியைப் பார்க்கும் கண் வளாகத்தின் படலைக்கு வெளியே எட்டிப் பார்ப்பதில்லை.

சட்டங்களுக்கும் குறைவில்லை. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கை வெளியில் போட்டு எரிப்பதும் அப்போதே தடையானது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டுவரை தடை நீண்டது. ஓலையில் இழைத்த இடியப்பத் தட்டு எமது வீடுகளில் எப்போதும் இருந்ததே என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

இனி எமது வயலுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் அரசு அதைத் திரும்பப் பெற்றபோது பெரும்போகம் கெட்டுவிட்டிருந்தது. அந்த மாதங்களில் கூட்டெரு என்ற பெயரில் எதெதுவோ விலைப்பட்டது. பிரிக்காத நகரக் குப்பையை அரித்து எடுத்த கூட்டெருவில் பொலித்தீன் துண்டும் கண்ணாடிச் சில்லும் வரும். கண்ணுக்குத் தெரியாமல் பற்றரியிலிருந்து ஈயமும் கட்மியமும் வரலாம். கண்ணாடி காலைக் கிழிக்கும், அதைப் பொறுக்கி எடுக்கலாம். ஈயத்தைப் பொறுக்கி எடுக்க முடியாது. அது மண்ணில் தங்கி கீரைக்குள்ளும் ஏறும். காணி திரும்பக் கிடைத்த குடும்பம் முதல் போகத்திலேயே இப்படி ஒரு சுமையை மண்ணில் ஏற்றிவிடக் கூடாது. மூட்டையாக வாங்குபவர்கள் எஸ்.எல்.எஸ். தரக் குறி உண்டா என்று பாருங்கள். நகரக் கழிவிலிருந்து செய்யும் கூட்டெருவுக்கும் அதில் தரம் வகுக்கப்பட்டுள்ளது.

இங்கேதான் வளாகத்தால் எமக்கு ஒரு நன்மை கிடைக்கமுடியும். வளாகம் மதில் உள்ள இடம். யார் எதைப் போடுகிறார்கள் என்று கண்காணிக்கலாம். நகரத்துச் சந்தையில் முடியாத தரம் பிரிப்பு அங்கே முடியும். அப்படிப் பிரித்த சமையலறைக் கழிவிலும் மரச் சருகிலும் செய்த கூட்டெரு சுத்தமானது. அதைச் செய்து பழகிய மாணவர்தான் நாளை உங்கள் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியராக வரப்போகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. இடம்பெயர்வு என்னவென்று அந்தப் பீடத்துக்கும் தெரியும். ஆய்வுகூட இரசாயனம், பற்றரி, பாதரசம் உள்ள குழல் மின்குமிழ் ஆகியவை மட்டும் எக்காரணம் கொண்டும் அந்தக் குவியலுக்குள் போகக்கூடாது.

உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்தில் படித்தால், விடுமுறையில் வரும்போது கேளுங்கள்: உங்கள் விடுதிக் குப்பை எங்கே போகிறது? பெரும்பாலும் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ சேர்ந்து எழுதினால், வளாகத்தின் கூட்டெருவை ஊருக்குத் தரும்படி பதிவாளரிடம் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பரிசுத்த தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல் வீசி எறியும் பழக்கத்தையும் ஏழைகள் படும் துன்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆண்டவர் மக்களுக்கு அப்பம் பகிர்ந்த பின்னும் மிச்சம் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டதை நாம் அறிவோம்.

காணி இன்னும் கிடைக்காமல் நலன்புரி நிலையத்திலோ உறவினர் வளவிலோ இருப்பவர்களும் ஒரு குவியல் போடலாம். நிழலான மேட்டில், நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீற்றர் அளவில் இருந்தால் போதும். அதைவிடச் சிறிதானால் சூடு பிடிக்காது. அடியில் தடியும் தென்னம்மட்டையும் போட்டுக் காற்றுக்கு வழி விடுங்கள். மேலே சருகு அல்லது வைக்கோல் இரண்டு மூன்று கடகம், அதன்மேல் சமையலறைக் கழிவும் கிளிசரிடியா, பூவரசுக் குழையும் ஒரு கடகம், கரைத்த சாணம் கொஞ்சம் என்று அடுக்கிக்கொண்டு போகலாம். சோறும் மீன் கழிவும் நடுவில் புதைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் நாயும் எலியும் வரும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடையில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஓடினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் நீர் தெளியுங்கள்.

மூன்று நான்கு நாளில் இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் குத்தி ஐந்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நின்றால் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். கிழமைக்கு ஒருதரம் வெளிப்புறம் உள்ளே வரும்படி புரட்டிவிடுங்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அழுகல் நாற்றம் இருந்தால் காற்றுப் போதவில்லை.

ஆறியதா என்று ஐயமானால் ஒரு சட்டியில் தனிமண்ணும் இன்னொன்றில் பாதிக்குப் பாதி கூட்டெருவும் போட்டு, இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு ஊன்றுங்கள். கூட்டெருச் சட்டியில் முளை குறைந்தால் இன்னும் இரண்டு கிழமை விடுங்கள்.

பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். சிற்றுண்டிச்சாலை மிச்சத்தை வாளியில் எடுத்துவந்து கொடுப்பது பழைய வழக்கம். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் பரவியது. அதற்கு மருந்தில்லை. பன்றி இறைச்சி கலந்த மிச்சத்தை எடுக்கவே வேண்டாம். மற்றதையும் அரை மணித்தியாலம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டே கொடுங்கள்.